இரண்டு அளவு நோட்டுகள்

1977 மழைக்காலத்தில் தையல்கடை அளவு நோட்டைக் கறையான் தின்றதால், வில்லியனூரில் நூற்றுப் பன்னிரண்டு ஆண்களுக்கு உடம்பின் அளவு தப்பிப்போனது. பெண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் டேப் பிடிக்க விட்டதில்லை. அளவு ஜாக்கெட்தான் கொடுத்தனுப்புவார்கள், அது அவரவர் பெட்டியில் பத்திரமாக இருந்தது. தையல்காரர் ஹபீப் முகமதுவின் மனைவி ரஹீமாவுக்குக் கல்யாணமான புதிதில் நடந்த ஒரு பேச்சு நினைவுக்கு வந்தது. அன்று கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது அவள் கேட்க நினைத்தது வேறு. அதற்கு வாய் வராமல், "இந்த நோட்டப் பாத்து இன்னொண்ணு எழுதி வெச்சிக்கினா இன்னாங்க?" என்றாள்.

"எதுக்கு? ஊர்ல ஆளுக்கு ரெண்டு உடம்பா இருக்குது?"

"கறையான் வந்தா?"

"கறையானுக்கு நான் சட்டை தைக்கிறதில்ல. போ, கொழம்பு நல்லாருக்கு."

அவள் போனாள். ஆனால் பத்து வருஷமாக, அவர் ஜும்மாவுக்குப் போன ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முதல் பக்கத்திலிருந்து பழைய அளவுகளையும் அந்த வாரத்து அளவுகளையும் தாளில் எழுதி, மாதம் ஒருமுறை அரியாங்குப்பத்தில் அக்கா மெஹர் நிஷா வீட்டு பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டு வந்தாள். ஒரே வீட்டில் இரண்டையும் வைத்தால் கறையானுக்கு இரண்டு பந்தி என்பது அவள் கணக்கு.

நோட்டு போன மறுநாள் வாடிக்கைக்காரர் அருள்சாமியின் கை காலையில் முழங்காலைத் தொட்டது. சாயங்காலம் சட்டைப் பைக்கு எட்டவில்லை. அதே வாரம் கத்தரிக்காய் கால் ரூபாய் ஏறியது. ஊர் இரண்டையும் ஒரே குரலில் பேசியது. கிறிஸ்துமஸ் துணி எடுத்தவர்கள் எந்த அளவுக்கு வெட்டச் சொல்வது என்று தெரியாமல் கடை வாசலில் நின்றார்கள். புதிதாக அளந்து எழுதினால், மை காய்வதற்குள் ஆள் மாறியிருந்தார். கடை திறந்த அன்று முதல் பக்கத்தில் தன் அளவையே எழுதியிருந்த ஹபீப் முகமது நாளுக்கு ஓர் அங்குலம் குறைந்தார். பதினைந்தாம் நாள் மெஷின் மிதிக்குக் கால் எட்டவில்லை. அறுபத்தைந்து அங்குல ஆளுக்கு மீதி ஐம்பது நாள் என்று ரஹீமா விரல்விட்டு எண்ணினாள்; எண்ணிய கையோடு அரியாங்குப்பம் போய் டின்னோடு திரும்பினாள்.

தாள்களைப் புரட்டிப் பார்த்தவர், "நான் தொழப் போனா உனக்கு இதான் வேலையா?" என்றார். குரலும் இரண்டு அங்குலம் குறைந்திருந்தது. பிறகு ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தார். அவள் படிக்க, அவர் புது நோட்டில் எழுதினார். 'அருள்சாமி, கை இருபத்து மூணு' என்று எழுதி முடித்தபோது தெருக்கோடியில் அருள்சாமியின் கை இருபத்து மூன்றில் நின்றது. ஒவ்வொரு வரிக்கும் ஒருவர் தன் அளவுக்குத் திரும்பினார். அவள் கடைசியாகப் படித்தது அவருடையது. கால் நீளம் நாற்பது என்று எழுதியதும் அவர் பாதம் மிதியில் பட்டது. கிறிஸ்துமஸுக்கு ஒரு சட்டைகூட இறுக்கிப் பிடிக்கவுமில்லை, தொளதொளக்கவுமில்லை. அதன்பின் வில்லியனூரில் வளர்ந்தவர்களும் இளைத்தவர்களும் தையல்கடையில் சொல்லிவிட்டே அதைச் செய்தார்கள்.

தாள்களையும் ஒரு நோட்டாகத் தைத்து டின்னில் போட்டு அரியாங்குப்பத்துக்குத் திருப்பி அனுப்பும் நாளில், டேப்பைக் கழுத்தில் போட்டபடி ஹபீப் முகமது கேட்டார்: "ஊரையே காப்பாத்திட்ட. உனக்கு இன்னா வேணும், சொல்லு."

பத்து வருஷமாக அவளுக்குக் கண்ணளவிலேயே வெட்டித் தைத்தவர் அவர். ரஹீமா கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"என்னையும் அளந்து எழுதுங்க," என்றாள். "ரெண்டு நோட்டுலயும்."