மூணே ஓட்டைதான்

...இல்லை, இதுவும் குடல்வால் இல்லை, கொழுப்புதான், வயிற்றுக்குள் எங்கே சீழ் பிடித்தாலும் ஓடிப்போய் மூடிக்கொள்கிற மஞ்சள் கொழுப்பு, உள்ளே எதையோ பொத்தி வைத்திருக்கிறது, மெதுவாக விலக்க வேண்டும், இழுத்தால் கிழியும், கிழிந்தால் ரத்தம் வரும், ரத்தம் வந்தால் திரை முழுக்கச் சிவப்பாகிவிடும், அப்புறம் சந்திரமோகன் சார் தொண்டையைக் கனைப்பார். ஏற்கெனவே இரண்டு முறை கனைத்தாயிற்று. மயக்கம் கொடுக்க வந்தவர் நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து தன்னுடைய மானிட்டரைப் பார்க்க வேண்டியதுதானே, என்னுடைய திரையை எதற்குப் பார்க்கிறார்... "சிஸ்டர், கேமராவ ஆட்டாதீங்க." புஷ்பலதா சிஸ்டர் ஆட்டவில்லை, பாவம், அது எனக்கே தெரியும், ஆனாலும் யாரையாவது ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறது. பச்சைத் துணிக்குக் கீழே கண்ணையன் படுத்திருக்கிறார், திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு போடுகிறவர், ஐம்பது வயது இருக்கும், வயிற்றில் காற்று ஏற்றி உப்ப வைத்திருக்கிறோம், தொப்புளில் ஒரு துளை, அதில் கேமரா, கீழே இரண்டு துளைகள், அவற்றின் வழியாக நீளக் கம்பிகளாய் என் இரண்டு கைகள். மனிதர் இங்கே கிடக்கிறார், நான் அவரைப் பார்க்காமல் டிவியைப் பார்த்து அவருடைய வயிற்றை அலசிக்கொண்டிருக்கிறேன். வெளியே சாலையில் திருத்தணி மலைக்கு ஆந்திரா பஸ் ஒன்று போகிறது, உள்ளே இருக்கிறவர்கள் மொத்தமாக அரோகரா என்கிறார்கள், அந்தச் சத்தம் மூடிய கதவையும் ஏசியையும் தாண்டி வருகிறது. ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை.

அந்தக் கிருத்திகையால்தான் இவ்வளவும். காலையில் அவர் வந்து படுத்தபோது மஞ்சள் வேட்டி, கழுத்தில் மாலை, மாலையில் வெள்ளி வேல் ஒன்று தொங்குகிறது, வயிற்றில் கை வைத்தாலே பலகை மாதிரி இறுகியிருக்கிறது, ஸ்கேனில் குடல்வால் வீங்கி ஓட்டை விழுந்திருக்கும் போலத் தெரிகிறது, இவர் என்னைப் பார்த்து நிதானமாக, "கிருத்திக முடியட்டும்மா, அப்பால பார்த்துக்கலாம்" என்கிறார். வலி வந்து நான்கு நாள் ஆகிறதாம். மாலை போட்ட பிறகு சோளிங்கர் போன இடத்தில் கறியும் சமைக்கிற ஓட்டலில் ஒரு டீ குடித்துவிட்டாராம், அந்தக் குற்றத்துக்குத்தான் சாமி வயிற்றைப் பிடித்து முறுக்குகிறது என்று வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் விபூதியைக் கரைத்துக் குடித்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார். நேற்றுக் காலையில் திடீரென்று வலி நின்றுவிட்டது. "முருகன் மன்னிச்சுட்டாருன்னு நெனச்சேம்மா. குளிச்சுட்டு சாமி கும்புட்டேன்." அதைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. வீங்கின குடல்வால் வெடிக்கும்போது கொஞ்ச நேரம் அப்படித்தான் நிற்கும், உள்ளே இருந்த அழுத்தம் போய்விடும் அல்லவா, பிறகு சீழ் பரவும், காய்ச்சல் ஏறும், அதுவும் வந்துவிட்டது. இவரோ மன்னிப்பு கிடைத்ததென்று கைகூப்பியிருக்கிறார். கோபம்தான் வந்தது எனக்கு. இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் கோபப்படக்கூடாதுதான், ஆனால் பட்டேன். "பாத்துக்க அதுவரைக்கும் நீங்க இருக்கணுமே" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி பாஞ்சாலி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அதற்கும் அவர் அசையவில்லை. ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லவில்லை, மாலையைக் கழற்ற மாட்டேன் என்றார், மலை ஏறிக் காவடியை இறக்கின பிறகுதான் கழற்ற வேண்டுமாம். போன வருஷம் பாஞ்சாலிக்கு மார்பில் ஒரு கட்டி, கெட்ட கட்டியாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டாராம், இல்லை என்று ரிசல்ட் வந்தது, அந்த வேண்டுதலுக்குத்தான் இந்தப் புஷ்பக் காவடி. தொண்டையில் குழாய் இறக்க வேண்டும், கரண்ட் வைத்து ரத்தத்தை அடைக்கிற கருவி இருக்கிறது, உடம்பில் வெள்ளி இருக்கக்கூடாது என்றெல்லாம் சிஸ்டர் சொல்லிப் பார்த்தாள். அவர் என்னைத்தான் பார்த்தார். "கழட்டினா சாமிக்குத்தம் ஆவாதாம்மா?" அப்போது நான் என்ன செய்தேன்... மெட்ராஸில் படிக்கப் போனபோது கழற்றி வைத்த ஊர்ப் பேச்சு தேவைப்பட்டால் தானாக வந்துவிடும் எனக்கு, கட்டில் பக்கத்தில் குனிந்து, "ஒரு குத்தமும் இல்ல. நான் சொல்றேன். மூணே ஓட்டைதான், கடுகு கடுகா. கிருத்திகைக்கு நீங்களே காவடி எடுத்துகினு ஏறுவீங்க" என்றேன். மெதுவாகப் படி ஏறலாம் என்று சொல்லியிருந்தால்கூடப் போதும். காவடி என்று சொன்னேன். முழுசாக நம்பிவிட்டார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு மாலையைக் கழற்றிப் பாஞ்சாலியின் கையில் வைத்தார், கீழே வைக்கக்கூடாது என்று சொல்லி வைத்தார்.

சரி, கொழுப்பு விலகிவிட்டது, இதோ... ஐயோ. கறுத்துப் போயிருக்கிறது. நுனி மட்டும் அல்ல, பெருங்குடலுக்குப் பின்னால் மடிந்து ஒட்டிக்கொண்டு, அடிவரைக்கும் கறுப்பு. அடி நன்றாக இருந்தால் நூல் வளையத்தை மாட்டி இறுக்கி வெட்டிவிடலாம், எத்தனை செய்திருக்கிறேன், அழுகின அடியில் முடிச்சு எப்படி நிற்கும், ஈரத் தாளில் நூல் கட்டினாற்போல் அறுத்துக்கொண்டு போய்விடும், அதன் பிறகு மலம் வயிற்றுக்குள் கசியும். இன்னும் கொஞ்சம் பக்கவாட்டில் போய்ப் பார்க்கலாமா, பெருங்குடலைக் கொஞ்சம் தூக்கினால் நல்ல இடம் தெரியலாம், தெரியும், தெரிந்தாக வேண்டும். இந்த நர்சிங் ஹோமுக்கு வந்த நாளிலிருந்து குடல்வாலுக்காக ஒரு வயிற்றையும் நான் திறந்ததில்லை. வாசலில் இருக்கிற போர்டில் 'தழும்பில்லாத ஆபரேஷன்' என்று கொட்டை எழுத்தில் போட்டு அதற்குக் கீழே டாக்டர் யுவஸ்ரீ என்று எழுதியிருக்கிறார்கள், எதிர்க் கடைக்காரர் என்னை ஓட்டை டாக்டரம்மா என்கிறார், முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது அவர் சொல்லாவிட்டால்தான் என்னவோ போல் இருக்கிறது. நைனா பொதட்டூர்பேட்டையில் பவர்லூம் ஓட்டி ஓட்டிக் காது மந்தமானவர், போனில்கூடக் கத்தித்தான் பேசுவார், பஸ்ஸில் யாருக்கு வயிற்றுவலி என்றாலும், "எம்பொண்ணாண்ட போங்க, அவ வயித்தக் கிழிக்கவே மாட்டா" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வார். நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், நைனா, சில பேருக்குக் கிழிக்கத்தான் வேண்டியிருக்கும் என்று. அவருக்குச் சரியாகக் கேட்டிருக்காது. எனக்கும் கேட்டிருக்காது போல.

"ஓப்பன் பண்ணிடலாமா யுவஸ்ரீ?" சந்திரமோகன் சார்தான். கனைக்கவில்லை இந்த முறை, நேராகவே கேட்டுவிட்டார். அரக்கோணத்துக்கும் திருத்தணிக்கும் நடுவே பைக்கில் ஓடி ஓடி மயக்கம் கொடுக்கிறவர், எத்தனை சர்ஜன்களுடைய கைகளைப் பார்த்திருப்பார், கேலிதான் பேசுவார், இப்போது குரலில் கேலி இல்லை. "பிபி கொஞ்சம் இறங்குது" என்றார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "கொஞ்சம் இருங்க சார், இது முடியட்டும், அப்பால பார்த்துக்கலாம்" என்றேன். சொல்லிவிட்டுக் கருவியை இன்னும் ஒரு இழை உள்ளே நகர்த்தினேன், கறுத்த இடம் லேசாகப் பிளந்து மஞ்சளாய் ஒரு சொட்டு வழிந்தது... என்ன சொன்னேன் இப்போது? அப்பால என்றா சொன்னேன்? ஆபரேஷன் தியேட்டரில் அந்த வார்த்தை என் வாயில் வந்ததே இல்லை. இது முடியட்டும், அப்பால பார்த்துக்கலாம். காலையில் இந்த மனிதர் இதே வார்த்தைகளைச் சொன்னபோது எவ்வளவு வெடுக்கென்று பதில் கொடுத்தேன், இவர் கழுத்து மாலையைக் கழற்ற மறுத்தார், நான் இந்தக் கம்பிகளைக் கழற்ற மறுக்கிறேன், வேறு என்ன வித்தியாசம்? அவராவது மனைவிக்காக வேண்டிக்கொண்டார். நான் யாருக்காக? இவருக்குக் கொடுத்த வாக்குக்காக என்று சொல்லிக்கொள்ளலாம், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த அரைமணி நேரமும் என் மனசில் ஓடியது வாசல் போர்டு. நான் சொன்னதும் கழற்றிக் கொடுத்தாரே மனிதர், அடம்பிடித்தார் என்றாலும் கடைசியில் கழற்றினாரே... வெட்கமாக இருந்தது. கண்ணாடிக்குள் கண் கரித்தது, துடைக்க முடியாது, கையில் கையுறை. "சிஸ்டர், காத்த எறக்குங்க. கத்தி குடுங்க. சார், ஓப்பன் பண்றேன்." "நல்லது" என்றார் அவர்.

வலது பக்கம் கீழே, சாய்வாக ஒரு கோடு, தோல், கொழுப்பு, தசை, திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. திரையில் நாற்றம் வராது, அதை மறந்தே போயிருந்தேன். கையை உள்ளே விட்டேன். கம்பியின் நுனியில் அரைமணி நேரம் தேடிக் கிடைக்காத இடம் என் ஆள்காட்டி விரலுக்குத் தானாகவே வந்தது, எங்கே மெத்தென்று அழுகியிருக்கிறது, எங்கே திண்ணென்று நல்ல சதை தொடங்குகிறது, விரல் சொல்லிவிட்டது. எத்தனை காலமாயிற்று ஒரு வயிற்றின் சூட்டைக் கையில் உணர்ந்து... சூடாக இருந்தார் கண்ணையன், காய்ச்சல்காரர். அழுகினதை எடுத்து, நல்ல சதையைச் சேர்த்துத் தைத்து, கழுவி, கழுவி, தண்ணீர் தெளிவாக வரும் வரைக்கும் கழுவி, ஒரு ரப்பர் குழாயை வைத்துவிட்டு மூடினோம். "பிபி நல்லா வருது" என்றார் சந்திரமோகன் சார். பிழைத்துக்கொள்வார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மூன்று கடுகு ஓட்டைகளும் அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு சாண் தையலுமாக அந்த வயிறு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கனம் தூக்கக்கூடாது, மூன்று மாதம். காவடி இந்த வருஷம் இல்லை.

வெளியே வந்தபோது பாஞ்சாலி பெஞ்சில் உட்காரவில்லை, சுவரோரமாக நின்றிருந்தாள், இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தி அதில் மாலை. கீழே வைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தாரே, யாரோ வாங்கிக் கொடுத்த காபி அப்படியே பெஞ்சில் ஆடை படிந்து கிடந்தது. "இன்னாம்மா ஆச்சு?" என்றாள். நல்லபடியாக முடிந்தது என்றேன், உயிருக்குப் பயமில்லை என்றேன், பிறகு நிறுத்தி, "ஆனா மூணு ஓட்டையோட முடியல. வயித்தத் தொறக்க வேண்டியதாப் போச்சு. கிருத்திகைக்கு அவரு காவடி எடுக்க முடியாதும்மா. நான் காலைல அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் திட்டவில்லை. கையில் இருந்த மாலையைப் பார்த்தாள். "ஆளு இருக்காருல்ல, அது போதும்மா" என்றாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது, துடைக்கக் கை இல்லை, அப்படியே விட்டுவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "எனக்காக வேண்டிகினதுதானே இது. இந்த மாலைய நான் போட்டுகினு, அந்தக் காவடிய நானே எடுத்துகினு ஏறட்டுமாம்மா? பாதியில கழட்டின மாலைய இன்னொருத்தர் போடலாமா? குத்தம் இல்லியே?"

சாலையில் இன்னொரு பஸ், இன்னொரு அரோகரா. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், காலையில் கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் பார்த்த அதே பார்வை. ஆபரேஷன் எப்படி நடந்தது என்று அவள் அவ்வளவாகக் கேட்கவில்லை, இதைத்தான் கேட்கிறாள், என்னிடம் கேட்கிறாள், ஏனென்றால் காலையில் நான்தான் சாமிக்கு வக்கீலாக நின்று ஒரு குற்றமும் இல்லை, நான் சொல்றேன் என்று தீர்ப்புச் சொன்னேன். இப்போதும் சொல்லிவிடலாம், ஆங், போட்டுக்கோங்க, ஒன்றும் ஆகாது, வாய்க்குள் வந்துவிட்டது, எவ்வளவு சுலபமாக வருகிறது... "எனக்குத் தெரியலம்மா" என்றேன். அவள் ஏமாந்துபோன மாதிரி தெரியவில்லை. "டாக்டருக்கே தெரியலயா" என்று லேசாகச் சிரித்தாள், ஏந்திய கைகளை அப்போதும் இறக்கவில்லை, எவ்வளவு நேரமாக அப்படியே வைத்திருக்கிறாளோ. "கொஞ்ச நேரம் நான் பிடிச்சுக்கட்டுமா? நீங்க காபி குடிங்க" என்று என் கைகளை நீட்டினேன். அவள் என் கைகளையே பார்த்தாள். அப்போதுதான் நானும் பார்த்தேன், கையுறையைக் கழற்றிச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய கைகள்தான், சுத்தமான கைகள்தான், என்றாலும் இந்த மாலையைத் தொடலாமா என்று கேட்க இப்போது எனக்குத்தான் யாரும் இல்லை.