பட்டி வேலை

வெள்ளைக் கார் பட்டறை வாசலில் வந்து நின்றதுமே கோபி கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்தான். மாலை போட்டு, சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டியிருந்தால் மட்டும் அடையாளம் தெரியாமல் போய்விடுமா? போன மாதம் அவன் வேலை பார்த்த வண்டி. ஓட்டிக்கொண்டு வந்தவர் அவனுடைய அக்கா புருஷன் அன்புச்செல்வன்.

"எப்டி மச்சான் நம்ம வண்டி?" முகமெல்லாம் பல்லாக இறங்கினார். "விழுப்புரத்துல ஒரு புரோக்கரு காட்டினான். டிங்கரிங் யாரு பண்ணதுன்னு கேட்டேன். திண்டிவனம் கோபின்னான். அப்பறம் இன்னாத்த பாக்கறது? குனிஞ்சிகூட பாக்கல, முடிச்சிட்டேன்."

"என் மச்சான் கைவேலைன்னு எங்க ஊரு முகையூரு பூரா சொல்லிக்கினு திரியறாருடா" என்றாள் அக்கா பானுப்ரியா. அவளுக்கும் பெருமை தாங்கவில்லை. பின்சீட்டில் அவர்கள் மகள் சங்கவி குதித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பின்சீட்டு நிற்கும் தரைத்தகடும், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ரன்னிங் போர்டும் துருவேறி உளுத்துப் போனவை. வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடிப்பதுதான் முறை. "விக்கிற வண்டிக்கு எதுக்குப்பா அவ்ளோ வேல? பார்வைக்கு இருந்தா போதும், ஜல்தியா முடி" என்றான் புரோக்கர். கோபியும் ஓட்டைக்குள் பழைய பேப்பரைத் திணித்து, கொசுவலையை ஒட்டி, மேலே பட்டி பூசித் தேய்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிட்டான். தட்டி நிமிர்த்திய தகட்டில் மிச்சமிருக்கும் மேடுபள்ளத்தை நிரவத்தான் பட்டி. ஓட்டையை மூட அல்ல. தெரியாமல் செய்தவன் இல்லை அவன். ஃபினிஷிங்கைத் தடவிப் பார்த்து அன்றைக்குப் பெருமை வேறு பட்டுக்கொண்டான், வெட்கங்கெட்டவன்.

"மாமா, வண்டிய வுட்டுட்டுப் போங்க. பாலிஷ் போட்டுத் தர்றேன்."

"இதுக்கு மேல இன்னா பாலிஷு? மூஞ்சி தெரியுது! மயிலத்துல பூஜ போட்டுக்கினு நேரா வர்றோம். இப்டியே மெட்ராஸ் போய் பாப்பாவுக்கு பீச்சு காட்டணும். பைபாஸ்ல நூறுல வந்தேன் மச்சான், ஆடவேயில்ல."

நூறு என்றதும் கோபியின் கண் சங்கவி குதிக்கும் பின்சீட்டுக்குப் போனது. "பிரேக்கு சரியில்லாத மாதிரி இருக்குது மாமா…"

"ஓட்டிக்கினு வந்தவருக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிதா? இன்னாடா ஒளர்ற?" என்று சிரித்தபடி அக்கா ஏறிக்கொண்டாள். மாமா சாவியைத் திருகினார். சங்கவி கையாட்டினாள்.

வாயால் சொல்லத் துப்பில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்க் கதவுக்குக் கீழே ஓங்கி ஒரு அடி அடித்தான். பட்டி அப்பளமாக நொறுங்கி விழுந்தது. துருவும் கொசுவலையும் வெளியே வந்தன.

"டேய்! பைத்தியமா புடிச்சிக்கிச்சி ஒனக்கு?" அக்கா அலறிக்கொண்டு இறங்கினாள். குனிந்தாள். ஓட்டையிலிருந்து ஈரப் பேப்பரை இழுத்தாள். அது வந்துகொண்டே இருந்தது.

மாமா என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்து பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் கோபி பிழைத்திருப்பான்.

"நான்தான் மாமா… எல்லாத்தையும் வெட்டிட்டு புதுத் தகடு வெச்சி அடிச்சித் தர்றேன் மாமா."

அவர் தன் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

அக்கா நகரவில்லை. "நாங்க வாங்காம வேற யாராச்சும் வாங்கியிருந்தா, இத ஒடச்சிருப்பியாடா?"

ஆமாம் என்று சொல்ல கோபி வாயெடுத்தான். அதற்குள் அவள் கண் பட்டறைக்குள் போய்விட்டது. அதே புரோக்கர் காலையில் அனுப்பிய நீல வண்டி உள்ளே நின்றது. கதவுக்குக் கீழே பட்டி இன்னும் காயவில்லை. முடிக்காத ஓரத்தில் பேப்பர் நீட்டிக்கொண்டிருந்தது.