கண்ணாடிக்காரரின் புகார்

எங்கள் வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பது பேஸ்மென்டில்தான் நடக்கும். அதுவும் ஏப்ரலில், டிராஃப்ட் நடக்கிற வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும். என் கணவர் செட் நோவிக்கி போட்ட சட்டம் இது. மகள் எவனைக் கூட்டி வந்தாலும் சரி, எங்கள் ஊர் ஃபுட்பால் அணியான டொலீடோ ஸ்டர்ஜன்ஸ் முதல் சுற்றில் யாரை எடுக்கிறது என்பதை அவன் எங்களோடு உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். "சந்தோஷமா இருக்கறப்போ எல்லாரும் நல்லவந்தான். வயிறு எரியறப்போ எப்படி இருக்கான்னு பாக்கணும்" என்பார்.

வயிறு எரிவதற்கு எங்கள் அணி உத்தரவாதம். ஸ்டர்ஜன் என்பது எங்கள் ஏரியில் கிடைக்கிற ஒரு மீன். வாயைத் திறந்துகொண்டு தரையோடு கிடக்கும். பெயர் வைத்தவன் தெரிந்துதான் வைத்திருக்கிறான். போன சீசனிலும் வழக்கம்போல அடியில் கிடந்தோம். தோற்றவர்களுக்கு உள்ள ஒரே ஆறுதல், கல்லூரியில் ஆடி முடித்த பையன்களில் நல்லவர்களை மற்ற அணிகளுக்கு முன்னால் பொறுக்கிக்கொள்ளலாம். அந்தப் பொறுக்கல்தான் டிராஃப்ட். ஆட்டம் ஒன்றும் கிடையாது, டிவியில் பெயர்களைப் படிப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் கடவுளே தட்டில் வைத்து நீட்டினாலும் எங்கள் ஆபீஸ்காரர்கள் கறியை விட்டுவிட்டுக் கை துடைக்கிற காகிதத்தை எடுப்பார்கள். ஒரு வருஷம் முட்டி போனவனை எடுத்தார்கள். இன்னொரு வருஷம் எடுத்த பையன், ஆட்டமே வேண்டாம் என்று திராட்சைத் தோட்டம் போடப் போய்விட்டான். ஒயின் நன்றாக இருக்கிறதாம்.

போன வருஷம் மகள் ஜானீன் ஒரு பல் டாக்டரைக் கூட்டி வந்தாள். நல்ல பையன், நல்ல பல். அரை மணி நேரம் டிவியைப் பார்த்துவிட்டு, "இதுல பந்து எப்போ வரும்?" என்று கேட்டான். செட் அவன் தோளில் கை போட்டு மாடிப்படி ஏற்றி, வாசல் வரை கொண்டுபோய், கோட்டை மாட்டிவிட்டுத் திரும்பி வந்தார். ஜானீன் ஒரு மாதம் அப்பாவோடு பேசவில்லை.

இந்த வருஷம் வெஸ் வந்தான். வெஸ்லி ப்ரூவர், இண்டியானா பண்ணைக் குடும்பத்துப் பையன். நெட்டையாக, ஒல்லியாக, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றான். அவனைக் கீழே அனுப்பிவிட்டு ஜானீன் சமையலறைக் கதவைச் சாத்தினாள். நான் எங்கள் ஊர்க் கொழுக்கட்டையான உருளைக்கிழங்கு பியரோகியைக் கொதிதண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்மா, ஒண்ணு சொல்றேன். கத்தக் கூடாது."

"கத்தறது உங்கப்பா டிபார்ட்மென்ட். சொல்லு."

"வெஸ்ஸுக்குக் கம்ப்யூட்டர் வேலைன்னு சொன்னேன்ல? கம்ப்யூட்டர் வேலைதான். ஆனா ஸ்டர்ஜன்ஸ் ஆபீஸ்ல."

"டிக்கெட் விக்கற ஆபீஸ்தானே?"

"இல்லம்மா. ஆளுங்களை எடுக்கற ஆபீஸ். எந்தப் பையன் எப்படின்னு கணக்கெல்லாம் போட்டுக் குடுக்கறதே இவன்தான். இன்னிக்கு ஆளெடுக்கற ரூம்ல பெரிய தலைங்க மட்டும்தானாம். சின்னப் பசங்களை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

என் கையிலிருந்த பியரோகி அடுப்பில் விழுந்தது. "யாரை எடுக்கப் போறாங்கன்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும். என்கிட்டகூடச் சொல்ல மாட்டேங்கறான். காலையிலேர்ந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலை."

அது நல்ல சகுனமாக எனக்குப் படவில்லை. ஜானீன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதக் கேளு. அப்பா இவனையும் அந்தப் பல் டாக்டர் மாதிரி படியேத்தி அனுப்பினா, நானும் கூடவே போயிடுவேன். நாளைக்குக் கோர்ட்டுல கையெழுத்துப் போட்டுப்போம். உங்க யாரையும் கூப்பிட மாட்டேன். விளையாட்டுக்குச் சொல்லலைம்மா."

எனக்கு இருப்பது ஒரே பெண். அவள் கல்யாணத்தை சர்ச் ஹாலில் நடத்த வேண்டும், அக்கார்டியன் வாசிக்க வேண்டும், செட் அவளோடு போல்கா ஆடி ஊரார் காலையெல்லாம் மிதிக்க வேண்டும். இதை எத்தனையோ வருஷமாக மனதுக்குள் பார்த்துவிட்டேன். கோர்ட்டில் ஒரு குமாஸ்தா முன்னால் கையெழுத்து என்று கேட்டதும் அடுப்பை அணைத்து, வெந்தவரைக்கும் தட்டில் அள்ளினேன். பியரோகித் தட்டைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன்.

பேஸ்மென்டில் என் தம்பி லென் சோஃபாவில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தான். மறு ஓரத்தில் பக்கத்து வீட்டு கெர்ட் அம்மா. புருஷன் போன துக்கத்தைக்கூட சீக்கிரம் தாண்டிவிட்டவர், எங்கள் அணி கோட்டை விட்ட பழைய ஃபைனலை இன்னும் தாண்டவில்லை. நடுவில் செட்டும் வெஸ்ஸும் முட்டியோடு முட்டி உரசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால், செட் சிரித்துக்கொண்டிருந்தார்.

"லோரெய்ன், இங்க வா. இந்தப் பையன் சொல்றதக் கேளு. நம்ம அயோவாப் பையனோட இடுப்பு எவ்வளவு வேகமாத் திரும்பும்னு சொல்றான். இடுப்பு. அந்தப் பல் டாக்டருக்கு இடுப்பு எங்க இருக்குன்னே தெரியாது."

அயோவாப் பையன்தான் எங்களுக்கு வேண்டிய ஆள். மாட்டுக்கொட்டகைக் கதவு மாதிரி இருப்பான். பந்தெறிகிறவனுக்கு முன்னால் நின்று, ஓடிவருகிறவர்களைத் தடுப்பது அவன் வேலை. எங்கள் பந்தெறிகிறவன் போன வருஷம் முழுக்க மல்லாந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன். அயோவாப் பையன் இன்னும் யார் கையிலும் போகவில்லை. அடுத்தது எங்கள் முறை.

"உன்ன மாதிரி ஒரு பையன் அந்த ஆபீஸ்ல இருந்திருக்கணும் தம்பி" என்றார் செட். "அங்க இருக்கறதெல்லாம் கழுதைங்க."

வெஸ்ஸுக்குப் பீர் புரையேறியது. நான் அவன் வாயில் ஒரு பியரோகியைத் திணித்தேன்.

டிவியில் அதிகாரி மேடைக்கு வந்து சீட்டைப் பிரித்தார். "டொலீடோ ஸ்டர்ஜன்ஸ் தேர்ந்தெடுப்பது, ஆஸ்கர் லிண்ட்வால், நார்த் டகோட்டா." ஒரு சின்ன இடைவெளி விட்டு, தானே நம்பாதவர்போல இன்னொரு தடவை சீட்டைப் பார்த்தார். "கிக்கர்."

எங்கள் ஆட்டத்துக்குப் பெயர்தான் ஃபுட்பால். அணியில் பந்தைக் காலால் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் பாயின்ட் எடுப்பதற்கென்றே இருப்பவன் கிக்கர் ஒருத்தன்தான். மற்றவர்கள் சேற்றில் புரள, அவன் ஓரமாக நின்று காலை நீட்டி மடக்கிக்கொண்டிருப்பான். சட்டை அழுக்காகாது. அவனைக் கடைசிச் சுற்றில், எல்லாரும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புகிற நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம். அப்போதும் மிச்சம் இருப்பான். முதல் சுற்றில் கிக்கரை எடுப்பது, கல்யாண விருந்துக்குப் போய் உப்பை மட்டும் தின்றுவிட்டு வருவது.

 முதலில் லென் சிரிக்க ஆரம்பித்தான், நிறுத்த முடியாமல் சோஃபாவிலிருந்து சரிந்தான். கெர்ட் அம்மா சிலுவை போட்டுக்கொண்டு, நான் இதுவரை அவர் வாயில் கேட்டிராத ஒரு வார்த்தையைச் சொன்னார். டிவியில் எதிரணி ரசிகர்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

செட் எழுந்தார். முகம் பீட்ரூட். "இதை எவன் யோசிச்சான்? எனக்கு அவனை ஒரே ஒரு தடவை நேர்ல பாக்கணும். ஒரே தடவை." சொல்லிக்கொண்டே சுவரிலிருந்த போனை எடுத்தார்.

ஸ்டர்ஜன்ஸ் ஆபீஸில் ரசிகர்கள் குறை சொல்வதற்கென்று ஒரு எண் உண்டு. மனிதர் யாரும் எடுப்பதில்லை, ஒரு மெஷின் பதிவு செய்துகொள்ளும். டிராஃப்ட் அன்றும், ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் செட் அதைக் கூப்பிடுவார். அதாவது, அடிக்கடி. பெயரைச் சொல்ல மாட்டார். கண்ணாடித் தொழிற்சாலையில் உலைக்கு முன்னால் நின்று ஓய்வு பெற்றவர், அதையே பெயராக வைத்துக்கொண்டார். எங்கள் ஊரில் பாதிப்பேர் அங்கே வேலை பார்த்தவர்கள்தான் என்பதால் யாரும் கண்டுபிடிக்க முடியாதாம்.

"கண்ணாடிக்காரன் பேசறேன்" என்று தொடங்கினார். "உங்க மண்டையில ஓடறது மூளையா, ஏரித் தண்ணியா?"

வெஸ் விசுக்கென்று எழுந்தான். மடியிலிருந்த தட்டு கவிழ்ந்தது. பயத்தில் வெளுத்திருந்த முகம் இப்போது சாண்டா கிளாஸை நேரில் பார்த்த குழந்தையின் முகமாக மாறியிருந்தது.

"சார், நீங்களா? நீங்கதான் கண்ணாடிக்காரரா?"

"வெஸ்" என்றாள் ஜானீன். அவன் காதில் வாங்கவில்லை.

"சார், ஆபீஸ்ல உங்களைத் தெரியாதவங்க கிடையாது. ஒவ்வொரு திங்கக்கிழமையும் மீட்டிங்ல முதல்ல உங்க மெசேஜைத்தான் போடுவோம். எங்க பாஸ் வீட்டுல பேரக்குழந்தைங்க உங்கள மாதிரிப் பேசிக் காட்டுமாம். நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு..." அப்போதுதான் தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. வாய் திறந்தபடி நின்றது. அசல் ஸ்டர்ஜன்.

"எந்த ஆபீஸ்ல?" என்றார் செட். போன் கையிலேயே இருந்தது.

"ஸ்டர்ஜன்ஸ் ஆபீஸ்ல, சார்."

"அப்போ இந்தக் கிக்கர்?"

வெஸ் சட்டைக் காலரைச் சரிசெய்தான். "என் யோசனைதான், சார்."

லென் சிரிப்பை நிறுத்தினான். ஜானீன் படிக்கட்டுக்குப் போய்க் கோட்டை எடுத்து ஒரு கையை நுழைத்தாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் கவிழ்ந்த பியரோகிகளைப் பொறுக்கினேன். என் சர்ச் ஹாலும் அக்கார்டியனும் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன.

"நேர்ல பாக்கணும்னு கேட்டியே, வந்துட்டான்" என்றார் கெர்ட் அம்மா. "ஆரம்பி."

செட் மூச்சை இழுத்தார். ஆனால் வெஸ் முந்திக்கொண்டான். "சார், இது என் யோசனைகூட இல்ல. உங்களுது."

"என்னது?"

"ஜனவரியில, கடைசி மேட்ச் முடிஞ்சதும் பேசினீங்க. எனக்கு மனப்பாடம்." வெஸ் தோளை அகட்டினான், தாடையை முன்னே தள்ளினான். அந்த ஒல்லி உடம்பிலிருந்து என் கணவரின் குரல் வந்தது. அதே கரகரப்பு, நடுவில் அதே இருமல். "கண்ணாடிக்காரன் பேசறேன். இன்னிக்கும் ஒத்தப் பாயின்ட்ல போச்சு. உங்க கிக்கர் என் மாமியார் வீட்டுக் கதவைக்கூட உதைக்க மாட்டான். மொத ரவுண்டுல ஒரு கிக்கரை எடுங்கடா கழுதைங்களா. உலகமே சிரிக்கும். சிரிக்கட்டும். நாம ஜெயிப்போம்."

எனக்கு எந்தச் சந்தேகமும் மிஞ்சவில்லை. அந்த மாமியார் என் அம்மா.

"அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்க சார்" என்றான் வெஸ் தன் சொந்தக் குரலில். "நான் வீட்டுக்குப் போய்ச் சும்மா கணக்குப் போட்டுப் பாத்தேன். நீங்க சொன்னது சரியா இருந்துது. நல்லா உதைக்கறவன் ஒருத்தன் இருந்திருந்தா தோத்ததுல பாதிய நாம ஜெயிச்சிருப்போம். எழுதிக் குடுத்தேன். முதல்ல திட்டினாங்க. அப்பறம் திட்டறத நிறுத்திட்டாங்க."

எல்லாரும் செட்டைப் பார்த்தோம். லென் மெதுவாகக் கேட்டான். "செட், இத நீயா சொன்ன?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். குரல் மாதிரி இருக்கிறது, வேறு எவனோ கண்ணாடிக்காரன் என்று தப்பித்திருக்கலாம். லென் அதை நம்பியிருப்பான், அடுத்த ஏப்ரல் வரை மானம் மிஞ்சியிருக்கும். செட் படிக்கட்டைப் பார்த்தார். அங்கே ஜானீன் கோட்டில் ஒரு கையோடு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான் சொன்னேன்" என்றார். பிறகு வெஸ் பக்கம் திரும்பி வெடித்தார். "கோவத்துல ஒருத்தன் கத்தினா அதக் கேட்டு நடப்பியா? உனக்கு அறிவில்ல? நீ பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து கத்தறேன். ஒரு பய காதுல வாங்கினதில்ல. யாரும் கேக்கமாட்டாங்கங்கற தைரியத்துலதாண்டா நான் பேசினதே."

"நான் கேட்டேன், சார்" என்றான் வெஸ்.

  செட் முகத்தில் பீட்ரூட் மெல்ல வடிந்தது. உதடு கோணியது. அழப்போகிறாரோ என்று பயந்தேன், மனிதர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் போன் இன்னும் இணைப்பிலேயே இருப்பது அவர் கண்ணில் பட்டது. மெஷின் இதுவரை நடந்தது எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது, போனை எடுப்பதற்கு முன்னால் வந்த கெர்ட் அம்மாவின் வார்த்தை நீங்கலாக. செட் அதைக் காதில் வைத்து, தொண்டையைச் செருமினார்.

"கண்ணாடிக்காரன்தான் பேசறேன். அந்த டகோட்டாப் பையன் விஷயம். யோசிச்சுப் பாத்தேன். நல்லாத்தான் எடுத்திருக்கீங்க. எவன் சிரிச்சாலும் என்கிட்ட அனுப்புங்க, நான் பேசிக்கறேன்." லென்னை ஒரு முறை முறைத்தார். "அப்பறம், அந்த வெஸ்லிப் பையனுக்குச் சம்பளத்தக் கூட்டிக் குடுங்க. அவனுக்குக் கல்யாணச் செலவு வருது. எங்க சைடுல ஆளுங்க ஜாஸ்தி."

போனை மாட்டினார். ஜானீன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கோட்டின் ஒரு கை தரையில் புரள, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாதபடி தோள் குலுங்கியது. வெஸ் ஓடிப்போய் அவள் பக்கத்தில் மண்டியிட்டான்.

செட் கொஞ்ச நேரம் அவளையே குழப்பத்தோடு பார்த்தார். பிறகு என்னிடம் குனிந்து, "இவ ஏன் அழறா?" என்றார். "அவ்வளவு மோசமான ஆளை ஒண்ணும் எடுத்துடலையே."