காரை எடுத்த கதை

1

இந்தக் கதையைத் தொடங்கி இருபத்தாறு மணி நேரம் ஆகிறது. இதுவரை தேறியது ஒரு செடி. முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டுக் கொல்லையில் பார்த்தேன். செடி செழிப்பாக இருந்தது; பக்கத்துச் சுவரில்தான் பூச்சே இல்லை. ஏன் என்று கேட்கப்போய்க் கதை கிடைத்தது.

முதலில் எழுதிய வரி: ‘காரை, வறண்ட மண்ணில் வளரும் முட்புதர், அதன் மஞ்சள் பழங்களை—’

(அடித்துவிட்டேன். தேர்வுத் தாள் வாடை.)

2

பூவிழி தாவரவியல் படித்தவள். ஆளைப் பார்த்தால் பேச மாட்டாள். செடியைப் பார்த்தால் நகர மாட்டாள். சுவரோரக் காரையை யாரும் நடவில்லை. சின்னான் குருவி பழம் தின்று போட்ட விதை என்பது அவள் ஊகம். இப்போது முள்ளுக்குள் சின்னானின் கூடு, அதில் இரண்டு குஞ்சுகள். அந்தத் தெருவில் பூனை நுழைய முடியாத இடம் அது ஒன்றுதான்.

செடியை வெட்ட வேண்டாமென்று தன் அம்மா தனக்கொடியிடம் சொல்லிப் பார்த்தாள். “குருவிக்கு வேற மரமே இல்லியா? இந்த முள்ளுக்கு என் பொடவதான் கெடச்சுதா கிழிக்க?”

(தனக்கொடியை வில்லியாக்கப் பார்த்தேன். முடியவில்லை. முள்ளைத் திட்டிக்கொண்டே பழத்தைத் தின்கிறவரை என்ன செய்வது?)

3

குளியலறைத் தளம் போட வந்தவர் கொத்தனார் முருகையன். வீராம்பட்டினத்தில் காதுகுத்து, கிளம்பும் அவசரத்தில் தனக்கொடி அவரிடம் சொன்னார்:

“அண்ணே, அப்படியே பின்னாடி காரையையும் எடுத்துடுங்க. ஒரசினா கையக் கிழிக்குது.”

“மொத்தமாவாம்மா?”

“அடியோட.”

கொத்தனாருக்குக் காரை என்றால் சுவர்ப் பூச்சு. தமிழ் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. நான் என்ன செய்ய? சாயங்காலம் தனக்கொடி திரும்பியபோது செடி அப்படியே நின்றது. சுவர்தான் செங்கல் பல்லைக் காட்டியது.

(பூவிழி அன்று வீட்டில்தான் இருந்தாள். அவள் மனத்துக்குள் போக எனக்கு உரிமை உண்டு. தட்டினேன்; திறக்கவில்லை.)

4

“செடிய எடுக்கச் சொன்னா செவுத்த உரிச்சு வச்சிருக்கீங்களே!”

“காரைன்னுதானம்மா சொன்னீங்க? கொத்தனாரக் கூப்ட்டு யாராச்சும் செடி வெட்டச் சொல்வாங்களா? டெய்லரக் கூப்ட்டு முடி வெட்டச் சொல்வீங்களா?”

“இத்தன வருசம் வேல பாத்த ஆளுக்குக் காரை தெரியல!”

“தெரிஞ்சதாலதான் எடுத்தேன்.”

“இனிமே இந்தப் பக்கம் ஒரு வீட்லயும் உங்கள விடமாட்டாங்க. நான் சொல்றேன் எல்லார்ட்டயும்.”

முருகையன் பூச்சுக் கரணையைக் கழுவத் தொடங்கினார். அவருக்கு வேலை வருவதே இந்தத் தெருப் பெண்களின் வாய்வழியாகத்தான்.

5

முடிவு ஒன்று: மூவரும் சிரித்துக் காரைப்பழம் தின்கிறார்கள். (நம்புவீர்களா?)

முடிவு இரண்டு: ‘முருகையன் அரிவாளை வாங்கி, சொன்ன வேலையை முடிக்க—’

(மாட்டேன். குஞ்சுகளுக்கு இன்னும் இறகு முளைக்கவில்லை.)

மூன்றாவதை யோசிப்பதற்குள் தனக்கொடி மகள் பக்கம் திரும்பிவிட்டார்.

“நீ வூட்லதானடி இருந்த? ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாது? புது ஆளப் பாத்தா வாயே தெறக்க மாட்ட. ஒன் கூச்சத்தால போச்சு செவுரு.”

கூச்சம். வீட்டில் எல்லோரும் ஏற்றுக்கொள்ளும் காரணம். தலையைக் குனிந்துகொண்டால் போதும், செடியும் ஒருவேளை தப்பும். முருகையன் கரணையைச் சட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

செடி நிற்குமா, போகுமா என்பதை நான் எழுதப்போவதில்லை. அது உங்கள் பாடு. பூவிழி பேசியதை மட்டும் தருகிறேன்.

“அவர ஒண்ணும் சொல்லாதம்மா. கூச்சமெல்லாம் இல்ல. அவரு செவுத்துல உளி வச்சப்பவே எனக்குத் தெரியும், நீ சொன்னது செடியன்னு. தெரிஞ்சுதான் சும்மா இருந்தேன்.”