சுண்டாப் வரலாற்றில் ஒரு தாவல்

"செத்த ஆக்களின்ரை கதையை அங்கை எடுக்காதை, பிள்ளை. நல்ல காரியம் நடக்கிற இடம். வண்டி குடுக்கிற அந்தக் கிழவன்ரை மனமும் நோகும்." ஒஸ்லோவின் புருசெத் நிலையத்தில் ரயில் ஏறும்போதே வசந்தமலர் மகளிடம் சொல்லிவிட்டாள்.

"ஓம் அம்மா," என்றாள் சோபிகா. ஒஸ்லோவில் பிறந்து, ஒஸ்லோவிலேயே வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவள்தான். ஆனாலும் மங்கல நாளில் சாவைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்பது அவளுக்கும் ஊறிப்போன விஷயம்.

அவள் தற்காலிகமாக வேலை செய்யும் சிறிய மோட்டார்சைக்கிள் அருங்காட்சியகத்துக்கு அன்று ஒரு பழைய ஜெர்மன் சுண்டாப் மோட்டார்சைக்கிள் வருகிறது, ஆள் உட்காரும் பக்கப்பெட்டியோடு. கொடுப்பவர் ஓட்வார் என்ற கிழவர். இரண்டாம் உலகப்போரில் நோர்வே ஜெர்மனியின் பிடியில் இருந்தபோது அவருடைய தம்பி லைஃபை ஜெர்மன் சிப்பாய்கள் அந்தப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், பையன் திரும்பவேயில்லை. போர் முடிவில் சரணடைந்தபோது அந்தச் சிப்பாய்கள் வண்டியை அவருடைய கிராமத்திலேயே போட்டுவிட்டுப் போனார்கள். இதையெல்லாம் அவர் முன்பே சோபிகாவிடம் சொல்லியிருந்தார். அன்று மேடையில் சோபிகா சுண்டாப்பின் வரலாற்றைப் பேசி முடித்ததும் அவர் வண்டிச் சாவியைக் கொடுப்பார். வண்டி கைக்கு வந்தால் வேலை நிரந்தரம் என்று அருங்காட்சியகத் தலைவி சூல்வைக் சொல்லியிருந்தாள்.

சோபிகா பேசத் தொடங்கினாள். நியூரம்பெர்க்கில் பிறந்த நிறுவனம். முதலில் செய்தது மோட்டார்சைக்கிள் அல்ல, பீரங்கிக் குண்டுக்கான வெடிதிரி. பிறகு எளிய மக்களுக்கான மலிவு வண்டி. முப்பதுகளில் பெரிய எஞ்சின்கள். அங்கிருந்து ஒரே தாவலில் ஐம்பதுகளின் பெல்லா ஸ்கூட்டருக்கு வந்தாள். தையல் இயந்திரமும் செய்தார்கள் என்றதும் சனம் சிரித்தது. எண்பதுகளில் நிறுவனம் நொடித்தது, இயந்திரங்கள் சீனாவுக்குப் போயின என்று முடித்தாள். கைதட்டினார்கள்.

ஓட்வார் தட்டவில்லை. மெதுவாக எழுந்தார்.

"நடுவில் சில வருடங்களைக் காணவில்லையே."

சோபிகா கையிலிருந்த குறிப்புத்தாளைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியும். நான் சொன்னேன். பிறகும் விட்டுவிட்டாய்." அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டார். "வண்டி என்னோடு வீட்டுக்கு வருகிறது."

சூல்வைக்கின் முகம் வெளிறியது. அம்மா சொல்லைத் தட்டினால் சபையில் சாவுப் பேச்சு. தட்டாவிட்டால் வேலை போச்சு. ஆனால் சோபிகாவைச் சுட்டது வேலை அல்ல. மரியாதை என்று நினைத்து இந்த மனிதரின் தம்பியை இரண்டாவது முறையும் காணாமல் ஆக்கிவிட்டாள். வெட்கமாக இருந்தது.

"உங்களை நோகடிக்கக்கூடாது என்று விட்டேன்," என்றாள். "அது பிழை."

ஒலிவாங்கியை இறுகப் பிடித்தாள். போர் வந்ததும் நிறுவனம் ராணுவத்துக்கு இந்த வண்டியைச் செய்தது என்றாள். இந்தப் பெட்டியில் லைஃப் என்றொரு பையனை உட்கார வைத்துக் கொண்டுபோனார்கள் என்றாள். அம்மாவின் பக்கம் அவள் பார்க்கவேயில்லை.

ஓட்வார் சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

அப்போது பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. வசந்தமலர் எழுந்து நேரே ஓட்வாரிடம் வந்தாள். திட்டப்போகிறாள் என்றே சோபிகா நினைத்தாள்.

"என்னுடைய அண்ணாவையும் கொண்டுபோனார்கள்," என்றாள் வசந்தமலர், தட்டுத்தடுமாறிய நோர்வேஜிய மொழியில். "ஊரில், ராணுவ ஜீப்பில். பெயர் குகதாசன்."

தனக்கு ஒரு மாமா இருந்தார் என்பது சோபிகாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.