அடிக்கு ஒன்றரை நூல்

உருகிய வெண்கலம் ஆறும்போது சுருங்கும் என்ற செய்தி நாற்பத்தோராவது வயதில்தான் இரத்தினசிங்கத்தின் காதுக்கு வந்தது. அதுவரை சாம்பல்தீவில் கதவும் நிலையும் அலுமாரியும் செய்துகொண்டிருந்தவர். மரம் மாரிக்கு ஊதும், கோடைக்கு வெடிக்கும். அதன் குணம் அவருக்குத் தெரியும். உலோகம் அசையாத சாமான் என்றே எண்ணியிருந்தார்.

யுத்தம் தொடங்கி, துறைமுகத்துப் பட்டறையில் வார்ப்பு வேலைக்கு மரமாதிரி செய்ய அவரை எடுத்தார்கள். முதல்நாள் அங்கிருந்த வெள்ளைக்காரத் தச்சன் இரண்டு அடிமட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். இரண்டிலும் பன்னிரண்டு அங்குலம் குறித்திருந்தது. ஆனால் ஒன்று மற்றதைவிட ஒன்றரை நூல் நீளம். எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம். வெண்கலம் அடிக்கு ஒன்றரை நூல் சுருங்குமாம். மரமாதிரியை அந்த அளவு பெரிதாய்ச் செய்து, அதை மண்ணில் பதித்து, பதிந்த குழியில் வார்த்தால், ஆறிய வெண்கலம் சரியான அளவில் வந்து நிற்கும். ஒவ்வொரு தடவையும் கூட்டிக் கழித்து மினக்கெடாமல், அடிமட்டத்தையே நீட்டி வைத்திருக்கிறார்கள்.

அன்று வீட்டுக்குப் போனவர் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி நெடுநேரம் இருந்தார். மனைவி கமலேஸ்வரி என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். இன்னும் நெருப்பைக் காணாத உலோகம் எவ்வளவு சுருங்கப்போகிறது என்பதை யாரோ முன்கூட்டியே ஒரு கோலில் கீறி வைத்திருக்கிறான். அதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்திரண்டு சித்திரையில் துறைமுகத்தில் குண்டு விழுந்தது. பட்டறையின் சாமான் அறை எரிந்ததில் நீட்டின அடிமட்டமும் போயிற்று. வெள்ளைக்காரத் தச்சனைக் கொழும்புக்கு மாற்றினார்கள். ஊர்ச்சனம் பாதி கிராமங்களுக்கு ஓடியது. கமலேஸ்வரியும் பிள்ளைகளும் கட்டைபறிச்சானில் அவளுடைய தமக்கை வீட்டுக்குப் போனார்கள். காயப்பட்டவர்களைக் கிடத்தியிருந்த கொட்டில்களுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பில், தண்ணீரைத் தள்ளும் ஓர் அடி அகல இறக்கைச் சக்கரம் இரண்டாய்ப் பிளந்து கிடந்தது. தண்ணீரைப் பீப்பாவில் உருட்டிக்கொண்டு போனார்கள். புதுச் சக்கரம் வார்க்க வேண்டும். உடைந்த கப்பல் சாமான்களில் பொறுக்கிய வெண்கலம், உருக்கும் மண்கலமான மூசை ஒன்றுக்குத்தான் காணும். ஒரே ஒரு வார்ப்பு. மரமாதிரி செய்யப் பட்டறையில் மிஞ்சியிருந்தவர் இரத்தினசிங்கம் மட்டும்.

நீட்டின அடிமட்டம் வேண்டுமென்று அவர் ஸெய்னுதீனிடம் போனார். ஸெய்னுதீன் துறைமுகத்துக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் சீவுளியும் மூலைமட்டமும் அளவுகோலும் செய்கிறவர். ஊர் ஓடியபோதும் ஓடாதவர். இவர் விஷயத்தைச் சொன்னதும் அவர் வேலையை நிறுத்திவிட்டு, ஏலாது என்றார். அவருடைய தகப்பன் துணிக்கடைக்காரருக்குத் துணி அளக்கும் யார்க்கோல் செய்தவர். பிழையான அளவு செய்வது தங்கள் குடும்பத்தில் இல்லை, அது பாவம் என்றார். இரத்தினசிங்கம் வழக்கத்துக்கு மாறாக நிறையக் கதைக்க வேண்டியிருந்தது. இதில் ஏமாறுகிறவன் ஒருவனும் இல்லை, கூடக் கொடுத்ததை வெண்கலமே திருப்பி எடுத்துக்கொள்ளும் என்று விளங்கப்படுத்தினார். ஸெய்னுதீன் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி இரண்டு நாள் எடுத்தார்.

மூன்றாம் நாள் போனபோது முதிரை மரச் சட்டம் ஒன்று அளவு குறித்துத் தயாராய் இருந்தது. ஓர் அடியையும் ஒன்றரை நூலையும் எப்படிப் பன்னிரண்டு சமபங்காய்ப் பிரித்தீர்கள் என்று இவர் கேட்டார். ஸெய்னுதீன் ஒரு பலகையை எடுத்துக் காட்டினார். அதில் அங்குலத்துக்கு ஒன்றாய்ப் பதின்மூன்று கோடுகள் நேராய் இறங்கின. அவற்றின்மேல் முதிரைச் சட்டத்தைச் சற்றே சரித்து வைத்தார். சரிந்து கிடப்பதால் அதே பன்னிரண்டு இடைவெளியையும் கடக்க அதற்குக் கொஞ்சம் கூட நீளம் வேண்டியிருந்தது. சரிவைக் கூட்டிக் குறைத்து, கூடின நீளம் ஒன்றரை நூலானதும் நிறுத்தி, கோடுகள் வெட்டிய இடமெல்லாம் குறித்திருக்கிறார். கணக்கில்லை, கூட்டலில்லை. எல்லா அங்குலங்களும் ஒரே சீராய் நீண்டிருந்தன.

இரத்தினசிங்கம் அந்தப் பலகையை வைத்த கண் வாங்காமல் பார்த்தார். ஸெய்னுதீன் சிரித்தார்.

"இதால துணி அளந்தா வாங்குறவனுக்குத்தான் லாபம். யாவாரி ஒருத்தனும் இதைக் களவெடுக்க மாட்டான், பயப்படாதீங்க."

அந்த அடிமட்டத்தைக் கையில் பிடிக்க இரத்தினசிங்கத்துக்கு ஆசையாய் இருந்தது. வேறு அடிமட்டத்தைத் தொட மனம் வரவில்லை. உலர்ந்த பலாப்பலகையில் ஐந்து நாள் வேலை செய்தார். மாதிரியைப் பட்டறையில் வார்ப்பவரான சோமசேகரத்திடம் கொடுத்தார். சோமசேகரம் வாய் நீண்ட மனிதர். தச்சனாருக்குச் சவப்பெட்டி செய்யத்தான் இப்ப நல்ல காலம், இதென்ன புது வேலை என்று நக்கலடித்தபடி அதை வாங்கி, விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். பிறகு நக்கல் வரவில்லை.

வார்ப்பு நாளன்று காலையில் உலை மூட்டினார்கள். வெண்கலம் இளக மத்தியானமாகும் என்றதால், நல்ல செய்தியைச் சொல்ல இரத்தினசிங்கம் ஒழுங்கைக்குப் போனார். ஸெய்னுதீன் தேநீர் கொடுத்தார். தன்னுடைய கோல் எப்படி வேலை செய்தது என்று கேட்டார். எப்போதும் வரைபடத்தில் வெள்ளைக்காரன் எழுதின இலக்கத்தைப் பார்த்தே மரம் அறுத்ததாகவும், இந்த முறைதான் முதல் தடவையாகத் தானே உடைந்த சக்கரத்தை அளந்து செய்ததாகவும் இரத்தினசிங்கம் சொன்னார். சொல்லும்போது குரலில் பெருமை இருந்தது.

"முடிச்சாப்பிறகு பழைய சக்கரத்துக்கு மேல மரத்தை வச்சுப் பாத்தனான், ஸெய்னுதீன் நானா. ஒரு மயிர் வித்தியாசம் இல்லை."

ஸெய்னுதீன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். கேட்டபோது குரல் மிகவும் தணிந்திருந்தது.

"அப்ப நான் எதுக்கு அந்தப் பொய்யைச் செய்தனான், இரத்தினம்?"

இரத்தினசிங்கம் செய்ததைத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். உடைந்த சக்கரத்தை நீட்டின அடிமட்டத்தால் அளந்தார். மரத்தையும் நீட்டின அடிமட்டத்தால் செய்தார். சாதாரண அடிமட்டத்தால் அளந்து, நீட்டினதால் செய்திருக்க வேண்டும்; இப்போது ஒன்றில் கூடினதை மற்றது தின்றுவிட்டது. மரம் பழைய சக்கரத்தின் அளவில் நிற்கிறது. வார்த்தால் வெண்கலம் ஒன்றரை நூல் குறைந்து வரும். சக்கரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள பம்பின் கூட்டுக்கும் நடுவில் சந்து விழும். அந்தச் சந்தால் தண்ணீர் திரும்பி வழிந்துவிடும், மேலே ஏறாது. வேறு வெண்கலமும் இல்லை.

ஸெய்னுதீன் எழுந்து, தன் பாவிப்புக்கென்று வைத்திருந்த சிறிய சீவுளியை எடுத்து, அலகைத் துணியால் துடைத்து இவர் கையில் வைத்தார். சக்கரத்தின் விளிம்பு ஒன்றுதான் உயிர், அதைச் சுற்றிப் பக்கத்துக்கு முக்கால் நூல் சீவல் ஒட்டி ஏற்றினால் போதும், இது சீவும் சீவல் நாலு சேர்ந்தால் முக்கால் நூல் என்றார். இலங்கையில் வேறு எவருக்கும் அவர் அந்தச் சீவுளியைக் கொடுத்திருக்கமாட்டார்.

துறைமுகத்து வாசல்வரை ஓட்டமும் நடையுமாய் வந்தவர், வாசலைக் கடந்ததும் நின்றார். வார்ப்பு பிசகினால் ஒருவரும் மரத்தைச் சந்தேகிக்கப் போவதில்லை. பொறுக்கின வெண்கலம், அதில் என்ன கலந்திருக்கோ என்பார்கள். சோமசேகரத்தின் மண் சரியில்லை என்பார்கள். தான் வாய் திறக்காமல் இருந்தால் போதும். வாய் திறக்காமல் இருப்பது தனக்குச் சின்ன வயதிலிருந்து கைவந்தது. ஆனால் பேசாமல் இருக்க இத்தனை யோசிக்க வேண்டியிருந்தது அன்றுதான் முதல் தடவை. கொட்டில்களை நோக்கி இரண்டு பேர் பீப்பா உருட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் விலகும்வரை நின்று, பிறகு உள்ளே போனார்.

மாதிரியைப் பதித்து எடுத்த மண்பெட்டி மூடித் தயாராய் இருந்தது. மூசையில் வெண்கலம் சிவந்திருந்தது, இன்னும் இளகவில்லை.

"சோமண்ணை, துருத்தியை நிப்பாட்டச் சொல்லுங்கோ. நான் பிழையா அளந்துபோட்டன். உங்களில பிழையில்லை, என்னில."

சோமசேகரம் அவரை மேலும் கீழும் பார்த்தார். துருத்திக்காரனைக் கையமர்த்தினார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். காலை முழுக்க இடித்து இறுக்கின மண்பெட்டியை ஒருமுறை பார்த்தார்.

"நீர் சொல்லாம விட்டிருந்தா என்ர பேர்தான் நாறியிருக்கும். தெரியுமோ?"

"ஓம். யோசிச்சனான்."

சோமசேகரம் சம்மட்டியை எடுத்துத் தன் கையாலேயே மண்ணை உடைத்தார்.

மரமாதிரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரத்தினசிங்கம் மிஞ்சின பலாப்பலகையைச் சீவினார். சீவுளியிலிருந்து சீவல் நாடாவைப்போல் நீளமாய் வந்தது. முனையிலும் நடுவிலும் ஒரே தடிப்பு. கண்ணால் பார்த்தும் அவர் நம்பாமல் விரலால் பார்த்தார், பிறகு உதட்டில் வைத்துப் பார்த்தார். அவர் இருபது வருஷமாய் மரம் சீவுகிறவர். தன் கையில் இப்படி ஒரு சீவல் பிறந்ததில்லை. வச்சிரப் பசையைச் சூடாக்கி விளிம்பில் ஒரு சுற்று ஒட்டினார். காய உலைச்சுவரின் வெக்கையில் பிடித்தார். இரண்டாம் சுற்று. மூன்றாம் சுற்று. சோமசேகரம் புதுமண் சலித்துக்கொண்டிருந்தார். நாலாம் சுற்றும் காய்ந்து, அரக்குப் பூசி, மறுபடி மண்ணில் பதித்து எடுத்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது.

வெண்கலம் குழிக்குள் இறங்கிய சத்தம் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதைப்போல் இருந்தது.

மறுநாள் காலை மண்ணைத் தட்டிச் சக்கரத்தை எடுத்தார்கள். அராவித் துடைத்து, பம்பின் கூட்டுக்குள் வைத்தபோது அது முதலில் போகமாட்டேன் என்று நின்றது. சோமசேகரம் உள்ளங்கையால் மெல்ல அழுத்தினார். இறங்கி உட்கார்ந்தது. சுற்றிப் பார்த்தார், எங்கும் உரசவில்லை, சந்தும் தெரியவில்லை.

"அடுத்த முறை அளக்கேக்க என்னையும் கூப்பிடும்," என்றார் சோமசேகரம். "கண் ரெண்டு காணாது உமக்கு."

பம்பை இணைக்க ஆட்கள் வரும்வரை சக்கரத்தை வெளியே எடுத்து வாங்குப் பலகையில் வைத்திருந்தார்கள். இரத்தினசிங்கம் தனியே நின்று மரத்தை வெண்கலத்தின்மேல் வைத்தார். நடுவோடு நடுவைச் சரிபார்த்து, விளிம்பில் நகத்தை ஓட்டினார். ஒரு சின்னப் படி தட்டுப்பட்டது. எங்கே தொட்டாலும் அதே முக்கால் நூல். ஒருவரும் காணாத நேரத்தில், மூடிய மண்ணுக்குள், யாரும் சொல்லிக்கொடுக்காமல் வெண்கலம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாய்த் தன்னை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது.

அவர் நகத்தை இன்னொரு தடவை சுற்றிக் கொண்டுவந்தார். ஆட்கள் வந்து கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை.