தேளிப் பானை

தேள்கொடுக்கு என்று ஒரு செடி உண்டு. அதன் பூங்கொத்து தேளின் வாலைப் போல வளைந்திருக்கும், அவ்வளவுதான் சங்கதி. அந்தப் பேரை நம்பி ஒரு கை இலையை அரைத்து, ஏழு வயது மகள் பாக்கியமேரியின் விரலில் வைத்துக் கட்டினாள் செல்லாயி. பண்ணையார் வீராசாமியின் வைக்கோல்போரில் கைவிட்ட பிள்ளையைச் செந்தேள் கொட்டியிருந்தது. பேர் வைத்த புண்ணியவான் நாசமாய்ப் போக. பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்த்து, வாயில் நுரை தள்ளியது.

பண்ணையார் வாசலில் வண்டி பூட்டியபடி நின்றது. "ஒரு நடை வண்டி குடுங்க ஆண்ட, ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு பூடறோம்" என்று செல்லாயியின் புருஷன் ஐசக் காலில் விழுந்தான். "தேளு கொட்னதுக்கு வண்டியா? மாடு இப்பத்தான் வந்து நிக்குது" என்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார் வீராசாமி. உத்திரமேரூர் நாலு மைல். ஐசக் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். பாதி வழியிலேயே பிள்ளைக்கு மூச்சு நின்று, தோள் கனத்துவிட்டது.

அடுத்த வருஷம், ஐம்பத்தெட்டாம் வருஷச் சித்திரையில், ஏரி வற்றிக் குட்டையானது. குட்டையானால் யாரும் இறங்கி மீன் பிடிக்கலாம். ஆனால் சேரிக்காரர் பானை எதுவும் வீராசாமியைத் தாண்டிக் கரையேறக் கூடாது. இருப்பதிலேயே பெரிய விரால் அவருக்கு. மற்ற பண்ணைக்காரர்கள் ஆள் விட்டு எடுப்பார்கள். இவருக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. அடியில் ஒளித்துவிடுவார்களாம். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தானே பானைக்குள் துழாவுவார். ஏரிச் சேற்றில் ஒருநாளும் கால் வைக்காத மனுஷன். அவர் கைக்கு விராலும் ஒன்றுதான், தேளியும் ஒன்றுதான்.

தேளி சேற்றில் புதைந்து கிடக்கிற மீன். செவுளுக்குப் பக்கத்தில் ரெண்டு முள். குத்தினால் தேள் கொட்டின மாதிரியே கடுக்கும் என்றுதான் அந்தப் பேர். செடியின் பேரைப் போல இது பொய்யில்லை.

"ஏம்மே இத்தப் போய் புடிச்சிக்கினு கீற? விரால் அந்தாண்ட கீது" என்றான் ஐசக்.

"நீ போய் விரால் புடி. எனக்கு இது போதும்."

முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு பதினோரு தேளி பிடித்தாள். பானையில் போட்டு, மேலே சேற்றுத் தண்ணீரை ஊற்றினாள். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவளுக்குப் பசித்தது.

கரையில் வீராசாமி மறித்தார். "விரால் கீதா?"

"அடியில கீது ஆண்ட, பெருசு. வழுக்கும். கெட்டியா அமுக்கிப் புடிங்க."

அமுக்கித்தான் பிடித்தார். அவர் போட்ட சத்தத்தில் குட்டையிலிருந்த கொக்கெல்லாம் கிளம்பிவிட்டது. உள்ளங்கையில் ஒன்று, விரலிடுக்கில் ஒன்று. கை மணிக்கட்டுவரை வீங்கி, மனுஷன் மண்ணில் உருண்டார்.

இதற்கு வைத்தியம் சேரியில் குழந்தைக்குக்கூடத் தெரியும். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்து அதில் முக்கினால் கடுப்பு மெல்ல இறங்கிவிடும். கூடி நின்ற அத்தனை பேரும் செல்லாயியைப் பார்த்தார்கள். பக்கத்துக் குடிசைச் சொக்கம்மாள் மட்டும் வாயைத் திறக்கப் போனாள். செல்லாயி திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

"இதுக்கு இன்னா மருந்து? ஒங்களுக்குத் தெரியும். சொல்லித் தொலைடி" என்று அழுதார் வீராசாமி.

செல்லாயி அவர் முகத்துக்கு நேரே குந்தினாள்.

"சொல்றேன். எம்பொண்ணு பேரு இன்னா? அத்த நீ சொல்லு, மருந்த நான் சொல்றேன்."

ரெண்டு வருஷம் அவர் தொழுவத்தைக் கூட்டின பிள்ளை. வீராசாமி "அம்முலு" என்றார். அவள் இல்லையென்று தலையாட்டினாள். "செங்கேணி?" என்றார். அப்புறம் சிறுபிள்ளை மாதிரித் தேம்பினார். "குட்டி, குட்டின்னுதான்டி கூப்டுவேன்."

"நல்லா யோசிச்சுப் பாரு. நான் எங்கியும் போவல" என்று சொல்லிவிட்டு, செல்லாயி அந்த வெயிலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.